ஐரிஷ் பேசிப் பழக விளையாட்டு: பெரியவர்கள் குழுவுக்கு ஒத்து வருமா?

கால்வே_மழை கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். மகள் இங்கே அயர்லாந்தில் கேல்ஸ்கோலில் படிக்கிறாள். தெரியாதவர்களுக்கு: ஆங்கிலப் பாடம் தவிர மற்றதெல்லாம் ஐரிஷிலேயே நடக்கிற பள்ளி. அவள் வீட்டுக்கு வந்து கடகடவென்று ஏதோ சொல்வாள், நானும் அவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம். சரி, நாமும் கற்றுக்கொண்டால்தான் சரிப்படும் என்று பக்கத்து நூலகத்தில் வாராவாரம் கூடுகிற கிர்கல் கோராவில் சேர்ந்தேன். பேச்சு வட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றி உட்கார்ந்து ஐரிஷில் மட்டும் பேச வேண்டும், விதி அவ்வளவுதான்.

ஆட்கள் தங்கமானவர்கள். ஆனால் ஒவ்வொரு வாரமும் ஒரே கதை. பெயர், ஊர், மழை என்று முதல் சுற்று நன்றாக ஓடும். அப்புறம் ஐரிஷ் இன்னும் வீட்டுப் பேச்சாக இருக்கிற கோனமாராவில் பிறந்து வளர்ந்த இரண்டு பெரியவர்கள் தங்களுக்குள் பேச ஆரம்பித்துவிடுவார்கள், நாங்கள் புரிந்த மாதிரி தலையாட்டிக்கொண்டிருப்போம், யாராவது ஒரு வார்த்தைக்குத் தடுமாறி ஆங்கிலத்தில் கேட்பார், அதோடு சரி, மீதி நேரம் முழுக்க ஆங்கிலம். அங்கே இருக்கிற எல்லோருக்கும் ஆங்கிலம் தெரியும் என்பதுதான் சிக்கலே.

குழுவில் ஒருவர், சும்மா பேசுவதை விட்டுவிட்டு விதி வைத்த விளையாட்டாக ஆடிப் பார்க்கலாம் என்கிறார். ஒரு கேள்வி, ஒரு பதில், அதுவே வட்டத்தைச் சுற்றி வரும் வகை. எனக்கு ஆசைதான். ஆனால் நாற்பது ஐம்பது வயதுக்காரர்கள் கூச்சமில்லாமல் ஆடுவார்களா, ஆடினாலும் அதில் மொழி வருமா அல்லது நேரம் போவது மட்டும்தானா என்று தெரியவில்லை. இன்னொன்று, குழுவில் பாதிப் பேர் இங்கேயே பள்ளி முடித்தவர்கள், மீதி நாங்கள் வெளியிலிருந்து வந்து ‘அ’விலிருந்து தொடங்குகிறவர்கள். இரண்டு தரப்பையும் ஒரே மேசையில் உட்கார வைக்க முடியுமா? செய்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

லிஃபிக்கரை எழுதுகிறார்:

தோழி, டப்ளினில் இப்படி ஒரு குழுவில் நான் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கடைசிக் கேள்வி. இங்கே பள்ளி முடித்தவர்களைப் பார்த்துப் பயப்படாதீர்கள். 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஐரிஷ் பேசத் தெரியும் என்று சொன்னவர்கள் சுமார் 18.7 லட்சம் பேர். பள்ளிக்கூடத்துக்கு வெளியே தினமும் பேசுகிறவர்கள் சுமார் 72,000 பேர்தான். நடுவில் இருக்கிற அந்தப் பெரிய கூட்டம்தான் உங்கள் மேசையில் உட்கார்ந்திருக்கிறது. பதிமூன்று, பதினான்கு வருடம் படித்திருப்பார்கள், நூற்றுக்கணக்கான சொற்கள் தலைக்குள் எங்கோ கிடக்கும், ஆனால் வாயைத் திறந்தால் கழிப்பறைக்குப் போக ஆசிரியரிடம் அனுமதி கேட்கிற அந்த ஒரு வாக்கியம் மட்டும் தடையில்லாமல் வரும். ‘அன் வில் க்யத் அகம் துல் கோ ஜீ அன் லெஹ்ரஸ்’. யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், சிரித்துக்கொண்டே சொல்வார்கள். சொல் தெரிந்தும் பேச்சு வராதவர்கள் அவர்கள், சொல்லே தெரியாதவர்கள் நீங்கள். குறுகலான விளையாட்டில் இரண்டு பேரும் ஒரே கோட்டில்தான் நிற்பீர்கள்.

குறுகலான என்பதை அழுத்திச் சொல்கிறேன். ‘ஐரிஷில் பேசுங்கள்’ என்பது விதியே இல்லை, அது ஆசை. என்ன கேட்க வேண்டும், என்ன பதில் வர வேண்டும், அடுத்து யார் முறை என்பதெல்லாம் முன்கூட்டியே தீர்மானமாகி இருந்தால்தான் ஆங்கிலம் உள்ளே நுழைய இடம் இருக்காது. அமெரிக்காவில் ஈவன் கார்ட்னர் என்பவர் உருவாக்கிய ‘வேர் ஆர் யுவர் கீஸ்’ என்ற முறை, அழிவின் விளிம்பில் இருக்கும் பழங்குடி மொழிகளை மீட்கப் பாடுபடுகிறவர்கள் மத்தியில் பரவியது. மேசையில் நாலு பொருள், கூடவே கைச்சைகை, ஒரு நேரத்தில் ஒரே ஒரு புது விஷயம், இன்று கற்றவரே அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுப்பது, அதன் சாரம் இதுதான். நாங்கள் அதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை, எங்களுக்குத் தோதாக வெட்டி ஒட்டிக்கொண்டோம்.

எங்கள் முதல் ஆட்டம் எப்படிப் போகும் என்று காட்டுகிறேன். நடுவில் ஒரு பேனா. நான் அதைத் தொட்டு ‘கேர்ட் ஏ ஷோ?’ என்கிறேன், இது என்ன. பக்கத்தில் இருப்பவர் ‘ப்யான்’ என்று சொல்லிவிட்டு அதே கேள்வியை அடுத்தவரிடம் கேட்கிறார். வட்டம் முடிந்ததும் பேனா ஒருவர் கைக்குப் போகிறது. இப்போது கேள்வி மாறும்: ‘அன் வில் ப்யான் அகத்?’ உன்னிடம் பேனா இருக்கிறதா. இருந்தால் ‘தா’, இல்லாவிட்டால் ‘நீல்’. ஐரிஷில் ஆம், இல்லை என்பதற்குத் தனிச்சொல் கிடையாது, கேட்ட வினையையே திருப்பிச் சொல்ல வேண்டும். ‘வந்தாயா’ என்றால் ‘வந்தேன்’ என்று பழகிய நமக்கு இது பெரிய விஷயமில்லை, ஆங்கிலத்தில் யோசிக்கிறவர்கள்தான் திணறுவார்கள். விளையாட்டு என்று பார்த்தால் இது வசதி, ஏனென்றால் ஒவ்வொரு பதிலிலும் வினையைச் சொல்லாமல் தப்பிக்கவே முடியாது. ‘அன் ஓலன் து தே?’ தேநீர் குடிப்பாயா என்று கேட்டால் ‘ஓலிம்’ அல்லது ‘நீ ஓலிம்’ என்றுதான் வாய் வர வேண்டும்.

மூன்றாவது சுற்றில்தான் சுவாரசியம். ஆளுக்கொரு பொருளைப் போட்டுக் குலுக்கி, யாருடையதோ யாரிடமோ போகும்படி பங்கு போடுகிறோம். என் பேனா உங்கள் கையில் இருக்கிறது. நான் ‘தா மொ ஃப்யான் அகத்’ என்று உரிமை கொண்டாட வேண்டும். கவனித்தீர்களா, ‘ப்யான்’ இப்போது ‘ஃப்யான்’ ஆகிவிட்டது. ‘மொ’, அதாவது ‘என்’ முன்னால் வந்தால் முதல் எழுத்து மெலியும், ஷேவூ என்பார்கள். விதியை யாரும் விளக்கவில்லை, பேனாவைத் திருப்பி வாங்க வேண்டுமானால் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. ‘ப்யான்’ என்று சொன்னால் எதிரில் இருப்பவர் காது கேட்காத மாதிரி இருந்துவிடுவார். அறுபது வயதுக்காரர் ஒருவர் தன் மூக்குக்கண்ணாடியைத் திரும்ப வாங்க எத்தனை தடவை கெஞ்சினார் என்று பார்த்திருந்தால் கூச்சத்தைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டீர்கள்.

‘என்னிடம் இருக்கிறது’ என்பதும் ‘என்னுடையது’ என்பதும் ஐரிஷில் தனித்தனி அமைப்பு, முதலாவது ‘அகம்’, இரண்டாவது ‘லியம்’. தமிழிலும் அப்படித்தான், அதனால் நமக்கு இந்த ஆட்டம் சீக்கிரம் பிடிபடும். குழு பிரிக்கும்போது இன்னொரு லாபம் இருக்கிறது. மனிதர்களை எண்ண ஐரிஷில் வேறு எண்கள்: ‘பெர்ட்’, ‘த்ரூர்’, ‘கெஹ்ரர்’, ‘கூகெர்’. இருவர், மூவர், நால்வர், ஐவர், அவ்வளவே. பொருளுக்கு வேறு எண். ஆட்டம் தொடங்குமுன் ‘மூவராகப் பிரியுங்கள்’ என்று ஐரிஷிலேயே சொல்லிவிட்டால் அதுவே ஒரு பாடம், தனியாக மனப்பாடம் தேவையில்லை.

இலக்கணப்பிரியன் எழுதுகிறார்:

லிஃபிக்கரை உற்சாகமாக எழுதியிருக்கிறார், குறை சொல்ல மனம் வரவில்லை, ஆனாலும் சொல்கிறேன். விளையாட்டு ஒரு எல்லைக்கு மேல் நகராது. பேனா, சாவி, கோப்பை என்று ஆடி ஆடி அந்த இருபது வாக்கியங்களில் புலியாகிவிடுவார்கள். வெளியே போய் யாராவது ‘நேற்று ஏன் வரவில்லை’ என்று கேட்டால் முழிப்பார்கள். அப்புறம் தப்பு தப்பாகப் பேசிப் பேசி அதுவே நாக்கில் உறைந்துவிடும். ஐரிஷில் சொல்லின் முதல் எழுத்து மாறுவது அலங்காரம் இல்லை, பொருளே மாறிவிடும். ‘அ வோஸ்க’ என்றால் அவனுடைய பெட்டி, ‘அ போஸ்க’ என்றால் அவளுடையது, ‘அ மோஸ்க’ என்றால் அவர்களுடையது. முன்னால் இருக்கிற ‘அ’ மூன்றுக்கும் ஒன்றேதான். கற்றுக்குட்டிகள் மட்டும் கூடி ஆடினால் யார் இதைத் திருத்துவார்கள்?

நிபந்தனை வினை ஒன்று இருக்கிறதே, மோ குன்யீலாஹ், இந்த நாட்டுப் பள்ளி மாணவர்களையே கலங்கடிப்பது, அதை எந்தச் சீட்டாட்டத்தில் கற்றுத் தருவீர்கள்? நான் புத்தகம் வைத்துப் படித்து, மேனூத் பல்கலைக்கழகம் நடத்துகிற டெக் தேர்வுக்குத் தயார் செய்தவன். ஏ1 என்ற தொடக்க நிலையிலிருந்து படிப்படியாகப் போகும், என்ன தெரியும் என்ன தெரியாது என்று துல்லியமாகச் சொல்லிவிடும். அதிலும் பேச்சுத் தேர்வு உண்டு என்பதை மறக்க வேண்டாம். பாடம் முதலில், ஆட்டம் பிறகு. இதுதான் என் கட்சி.

அம்மாக்குருவி எழுதுகிறார்:

பெரிய விவாதமெல்லாம் எனக்குத் தெரியாது, கார்க்கில் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு சமாளிக்கிறேன். கால்வே அக்கா, உங்கள் மகளிடமே கேளுங்கள், ‘தெர் ஓ கிராதி’ தெரியுமா என்று. ஓ கிராதி சொல்கிறார் என்று சொல்லிவிட்டு எழுந்திரு, உட்கார், கையைத் தூக்கு என்று கட்டளை போடுவார்கள். ஓ கிராதி பெயரைச் சொல்லாமல் போட்ட கட்டளைக்கு அசைந்தால் அவுட். ஆரம்பப் பள்ளிகளில் ரொம்பச் சகஜம். நான் பிள்ளைகளை நடத்துநராக வைத்து, நானும் வீட்டுக்காரரும் ஆடுவோம். ஒருவருக்குச் சொல்லும்போது ‘சுய்’, பலருக்குச் சொல்லும்போது ‘சுயீகி’ என்று மாறுவதை அப்படித்தான் தெரிந்துகொண்டேன். அம்மா அவுட் ஆனால் பிள்ளைக்கு எத்தனை சந்தோஷம் தெரியுமா!

இன்னொரு விஷயம், இங்கே தெற்கில் முன்ஸ்டர் மாகாணத்துக்காரர்கள் ‘கோனஸ் அதா து’ என்று நலம் விசாரிக்கிறார்கள். உங்கள் பக்கம் ‘கே ஹீ வில் து’. வடமேற்கே டோனகால் பக்கம் போனால் ‘கஜே மர் அதா து’. மூன்றும் சரிதான். குழுவில் எது என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் அந்த வாக்குவாதத்திலேயே பொழுது போய்விடும், அதுவும் ஆங்கிலத்தில்.

லிஃபிக்கரை எழுதுகிறார்:

இலக்கணப்பிரியன் அண்ணா, நீங்கள் சொன்ன பெட்டி உதாரணத்தை எங்கள் குழுவுக்கு அப்படியே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது ஒரு பிரமாதமான ஆட்டம். ஒரு பையன், ஒரு பெண், ஒரு கும்பல், மூன்று படம் மேசையில். ஒருவர் ‘அ வோஸ்க’, ‘அ போஸ்க’, ‘அ மோஸ்க’ என்று ஏதோ ஒன்றைச் சொல்ல, மற்றவர்கள் சரியான படத்தின் மேல் கையை வைக்க வேண்டும். முந்தியவருக்கு ஒரு புள்ளி. சொல்கிறவர் நாக்கு பிசகினால் எல்லோரும் தப்பான படத்தைத் தட்டுவார்கள், அங்கேயே தெரிந்துவிடும். திருத்துவதற்கு ஆசிரியர் எதற்கு?

ஆனால் நீங்கள் சொல்வதில் பாதி உண்மை. வாய்க்கு இன்னும் பழகாத வினை வடிவத்தை ஆட்டத்தில் திணித்தால் அது ஆட்டமாக இருக்காது, தேர்வாகிவிடும். மோ குன்யீலாஹ் பக்கம் நாங்கள் போகவே இல்லை. இறந்தகாலம் வரை தாராளமாகப் போகலாம், அதற்கு எங்களிடம் ஒரு போலீஸ் ஆட்டம் இருக்கிறது. நேற்று ராத்திரி ஒரு திருட்டு நடந்துவிட்டது. சந்தேகப்படுகிற இரண்டு பேரை வெளியே அனுப்பி, இருவரும் ஒன்றாக இருந்ததாக ஒரு கதை ஜோடித்துக்கொள்ளச் சொல்வோம். பிறகு ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டு ‘கா ரெவ் து அரேர்?’ நேற்று இரவு எங்கே இருந்தாய் என்று தொடங்கி, யாரோடு, என்ன சாப்பிட்டாய், எத்தனை மணிக்குக் கிளம்பினாய் என்று குடைய வேண்டும். முதல் கேள்விக்குப் பதில் ‘வீ மே’ என்று தொடங்கும், நான் இருந்தேன். இரண்டு பேர் கதையும் ஒட்டாத இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். ஒருத்தர் சினிமா என்பார், இன்னொருத்தர் கடற்கரை என்பார், அப்போது கிளம்புகிற கூச்சலில் யாருக்கும் தான் இறந்தகால வினை சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்ற நினைப்பே இருக்காது. ‘நேற்று ஏன் வரவில்லை’க்குப் பதில் சொல்ல இதைவிட நல்ல பயிற்சி எந்தப் புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை.

உயர்நிலைப் பள்ளியை முடிக்கிற லீவிங் செர்ட் தேர்வில் ஐரிஷுக்கு 40 சதவீத மதிப்பெண் வாய்மொழித் தேர்வுக்குத்தான். அதில் ஸ்ராஹ் பிக்டூர் என்று படக்கதை வரும், ஆறு படம். ஆளுக்கு ஒரு படம் கொடுத்து, அடுத்தவருக்குக் காட்டாமல் வாயால் மட்டும் விவரித்து வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். பள்ளி முடித்தவர்களுக்குப் பழைய பயம் போகும், புதியவர்களுக்கு ‘ஒரு ஆள் ஓடுகிறான்’ அளவுக்கு வாக்கியம் இருந்தாலே ஆடிவிடலாம்.

ஆங்கிலம் பேசினால் அபராதம் என்று மட்டும் வைக்காதீர்கள். வைத்த அன்று எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள். அதற்குப் பதில், தடுமாறும்போது பிடித்துக்கொள்ள நாலு வாக்கியத்தை அட்டையில் எழுதி நடுவில் வைத்துவிடுங்கள். ‘அரீஷ், லெ தோ ஹெல்’, தயவுசெய்து இன்னொரு தடவை. ‘நீல் இஸ் அகம்’, எனக்குத் தெரியாது. ஆங்கிலத்துக்குத் தாவுவதே இந்த இரண்டு இடத்தில்தான்.

கால்வே_மழை எழுதுகிறார்:

அடேயப்பா, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. அம்மாக்குருவி, மகளிடம் ஓ கிராதியைப் பற்றிக் கேட்டேன், ‘அதுகூடத் தெரியாதா’ என்று பார்த்த பார்வை இருக்கிறதே!

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. அந்தக் கோனமாராப் பெரியவர்கள் இரண்டு பேரை என்ன செய்வது? அவர்கள் வந்தால்தான் சரியான உச்சரிப்பு காதில் விழும், ஆனால் ஆட்டத்தில் சேர்த்தால் எல்லாப் புள்ளியும் அவர்களுக்குத்தான். வராதீர்கள் என்று சொல்லவும் மனசில்லை, அப்படிச் சொல்வது அநியாயமும்கூட.

இலக்கணப்பிரியன் எழுதுகிறார்:

இதற்கு நான் பதில் சொல்கிறேன். போட்டியாளராக உட்கார வைக்காதீர்கள், போலீஸ் ஆட்டத்தில் அவர்களைக் குற்றவாளிகளாக்குங்கள். நீங்கள் எல்லோரும் சேர்ந்து கேள்வி கேட்க, அவர்கள் நீளமாகப் பதில் சொல்வார்கள். அவர்கள் கதையில் ஓட்டை கண்டுபிடிக்க வேண்டுமானால் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டே ஆக வேண்டும். யாராவது தப்பாகக் கேட்டால் திருத்த வேண்டாம், சரியான வடிவத்தை வைத்தே பதிலைத் தொடங்கினால் போதும் என்று மட்டும் காதோடு சொல்லி வையுங்கள். டோனகாலில் க்ளன் கோலம் கில்லில் ஓதஸ் கேல் என்று 1984 முதல் பெரியவர்களுக்காக வகுப்பு நடத்துகிறார்கள், அங்கே ஒரு கோடையில் படித்தேன். எனக்குப் பாடத்தைவிட உபயோகமாக இருந்தது மாலையில் ஊர்க்காரர்கள் பேசக் கேட்டதுதான் என்பதை இந்த இழையில் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

லிஃபிக்கரை எழுதுகிறார்:

அண்ணா கட்சி மாறிவிட்டார், எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள் 😄

கால்வே தோழி, குழு ஆறு பேரைத் தாண்டினால் இரண்டு மேசையாகப் பிரித்துவிடுங்கள், மேசைக்கு ஒரு பெரியவர். ஒரு ஆட்டம் களைகட்டி இருக்கும்போதே நிறுத்தி அடுத்ததுக்குப் போங்கள், சலிக்கும் வரை இழுக்க வேண்டாம். மார்ச் 1 முதல் 17 வரை ஷாக்தன் ந கேல்கெ என்கிற ஐரிஷ் மொழி விழா வரும், அப்போது நூலகங்களிலும் பப்களிலும் ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். 2016-இல் டப்ளினில் தொடங்கிய பாப் அப் கேல்டாக்ட் மாதிரி, பப்பில் கூடி ஐரிஷில் பேசுகிற சந்திப்புகளும் உண்டு, சும்மா போய் நின்று பேசலாம், மது குடிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அதற்குள் பேனா ஆட்டத்தையும் போலீஸ் ஆட்டத்தையும் முடித்திருந்தால் போதும். அந்தப் படக்கதைத் தாள்கள் என்னிடம் இருக்கின்றன, வேண்டுமானால் தனிச்செய்தியில் கேளுங்கள், அனுப்பி வைக்கிறேன்.